கத்தி வைக்காமல் கழிந்த ஒரு வருஷம்

"டீச்சர், எத்தன மாசம்?"

போன வருஷம் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத பெண் எங்கள் தோட்டத்தில் இல்லை. காலையில் பிள்ளையை இறக்கிவிடும்போது ஒருத்தி கேட்பாள், மத்தியானம் பால் கொடுக்க வரும்போது இன்னொருத்தி கேட்பாள். ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா பார்க்கிறவள் நான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஒரு நாளைக்கு இருபத்தைந்து, முப்பது பிள்ளைகள் வரும். முப்பத்தாறு வயதில் எனக்கென்று ஒன்று கிடையாது. கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டாம் வருஷம் ஒன்று தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவளுக்கு வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால் ஊர் கேட்கத்தானே செய்யும். பாவம், சந்தோஷத்தில்தான் கேட்டார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"மாசமும் இல்ல, கிழமையும் இல்ல. சோறு கூடிப்போச்சு. போய் வேலையப் பாருங்க," என்று விரட்டிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பிள்ளை தங்கினால் மாதவிலக்கு நிற்க வேண்டும். எனக்கு அது நிற்பதே இல்லை. முன்பெல்லாம் நான்கு நாள். பிறகு ஏழு நாளானது. பிறகு பதினோரு நாள், பன்னிரண்டு நாள், அதுவும் கட்டி கட்டியாக. கறுப்புப் பாவாடை தவிர வேறு கட்டுவதை விட்டுவிட்டேன். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டேன். எங்கள் வீட்டு வரிசையான மேட்டு லயத்திலிருந்து காம்பராவுக்கு ஏறும் படிகளில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். பச்சரிசியைக் கை நிறைய அள்ளி மெல்லும் பைத்தியம் ஒன்று வேறு பிடித்துக்கொண்டது. இரத்தம் குறைந்தால் அப்படியெல்லாம் தின்னத் தோன்றும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வருஷத்தைப் பாழாக்கினேன். அதனால்தான் இப்போது வெட்கப்படாமல் எழுதுகிறேன். எங்கள் லயத்திலேயே இன்னும் நாலு பேராவது கறுப்புப் பாவாடையோடு இருப்பார்கள்.

ஒரு நாள் காலை, கோகிலாவின் மகளை அவள் கையிலிருந்து வாங்கும்போது கண் இருட்டியது. கோகிலா இருபத்திரண்டு வயதுக்காரி, என்னைவிட வாயாடி. நான் தினமும் ஏதாவது சொல்லி ஏசுகிறவள். "டீச்சர், டீச்சர்!" என்று அவள் கத்தியது கேட்டது. பிள்ளையை அவள் பிடித்துக்கொண்டாள், நான் சிமெந்துத் தரையில் விழுந்தேன். என் வீட்டுக்காரர் சிவலிங்கம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறவர். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, அவர் தேயிலைத் தூசி அப்பிய சட்டையோடு வந்து என்னைத் தூக்கி முச்சக்கர வண்டியில் போட்டாராம். எனக்கு நினைவு வந்தபோது பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு கையில் ஊசி ஏறியிருந்தது, மறு கையை அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரத்தத்தில் எச்.பி. என்று ஒன்றை அளக்கிறார்கள். இரத்தத்தின் சிவப்பு அது. அதற்கு இரும்புச் சத்து வேண்டும். பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கிட்ட இருந்தால் நல்லது. எனக்கு ஆறு புள்ளி நான்கு இருந்தது. இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். யார் கொடுத்த இரத்தமோ, எந்த மதமோ, எந்த மொழியோ, சொட்டுச் சொட்டாக எனக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அந்த முகம் தெரியாத மனுஷனுக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

அடுத்த நாள் ஸ்கேன். ஸ்கேன் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் பிள்ளைத்தாய்ச்சிகள். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, தன் வயிற்றைத் தடவிக் காட்டி, விரல்களால் எத்தனை மாதம் என்று கேட்டாள். எனக்கு அவளிடம் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஐந்து விரலைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வாட்டில் என்னைப் பார்த்தவர் ஒரு பெண் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று என் ஸ்கேன் தாளின் பின்பக்கத்தில் ஒரு கொய்யாக்காயைக் கவிழ்த்து வைத்த மாதிரி வரைந்தார்.

"இது உங்கடை கருப்பை. இதின்ரை சுவர் தசை. அந்தத் தசையே ஒரு இடத்திலை திரண்டு கட்டியா வளர்ந்திருக்குது. பைப்ரொயிட் எண்டு சொல்லுறது. இது புற்றுநோய் இல்லை. முதல் அதை மனதிலை எழுதி வையுங்கோ."

"அப்ப இந்த ரத்தம் டொக்டர்?"

"கட்டி உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு நிக்குது. அதாலை கருப்பை சரியாச் சுருங்க ஏலாமல் கனக்க ரத்தம் போகுது. கனபேருக்கு இது இருக்கும், ஒண்டும் செய்யாது. உங்களுக்குப் பெரிசு. பதினாறு கிழமைப் பிள்ளை இருக்கிற அளவுக்கு கருப்பை பெருத்திருக்குது."

டொக்டர்மார் அப்படித்தான் அளப்பார்களாம், பிள்ளை வளரும் வாரக் கணக்கில். அவருக்கு அது ஒரு அளவு, அவ்வளவுதான். என் பிள்ளை பன்னிரண்டு கிழமை தாண்டவில்லை. இந்தக் கட்டி பதினாறு கிழமை சொகுசாக உட்கார்ந்திருக்கிறது.

"கருப்பைய எடுத்துருவீங்களா?" என்று கேட்டேன்.

"பிள்ளை இருக்கோ?"

"இல்லீங்க. வேணும்."

அவர் பேனையை மூடினார். "அப்ப கத்தி வைக்காத வழியளைத்தான் முதல் பாப்பம்," என்றார்.

அந்த வழிகளை அவர் சொன்னபடியே சொல்கிறேன். முதலாவது, மாத்திரை. விலக்கு நாட்களில் மட்டும் விழுங்குகிற ஒன்று, இரத்தப் போக்கைக் குறைக்கும். இரண்டாவது, கருப்பைக்குள் வைக்கிற ஒரு லூப். அதில் உள்ள மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பல வருஷங்களுக்கு இரத்தத்தைக் கட்டுப்படுத்தும், ஆனால் அது உள்ளே இருக்கும்வரை பிள்ளை தங்காது. மூன்றாவது, மாதம் ஓர் ஊசி. விலக்கையே நிறுத்திவைக்கும், கட்டியும் சுருங்கும், ஆனால் எலும்புக்கு நல்லதல்ல என்பதால் சில மாதங்களுக்கு மேல் போடமாட்டார்கள். நிறுத்தினால் கட்டி திரும்ப வளரலாம். நான்காவது, தொடைப் பக்கத்து இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைத்துவிடுவது. வயிற்றைக் கீறத் தேவையில்லை, ஆனால் கொழும்புக்குப் போக வேண்டும், பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு அதைச் செய்ய யோசிப்பார்கள். வெளியிலிருந்தே ஒலி அலையைக் குவித்துக் கட்டியைச் சுடுகிற முறையும் வெளிநாடுகளில் இருக்கிறதாம். அது என் கட்டிக்குப் பொருந்துமா என்று பார்க்கவே நிறையச் சோதனை வேண்டும் என்றார்.

"கட்டிய மட்டும் வெட்டி எடுக்க ஏலாதா?"

"ஏலும். அதுக்கும் ரத்தம் போகும். இந்த எச்.பி.யோடை மேசையிலை ஏத்தினால், ரத்தத்தை நிப்பாட்ட கருப்பையையே எடுக்கவேண்டி வந்தாலும் வரும். எந்த வழியெண்டாலும் முதல் உங்கடை ரத்தம் கூட வேணும்."

ஆகவே இரத்தம் கூடினால் எனக்குக் கருப்பை உண்டு, கூடாவிட்டால் இல்லை. இவ்வளவுதான் விஷயம். விலக்கு நாட்களுக்கான மாத்திரையும், தினமும் விழுங்க இரும்புச் சத்து மாத்திரையும் தந்தார்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தவர் ஏதேதோ சொன்னார். நான் "ஆமாங்க, ஆமாங்க," என்று தலையை ஆட்டினேன். பத்து வருஷமாகத் தாய்மாருக்குச் சத்துணவு பற்றிப் பாடம் எடுக்கிறவள் நான், எனக்கென்ன புதிதாகச் சொல்லப்போகிறார் என்ற நினைப்பு.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம். சும்மா சொல்லக்கூடாது, மாத்திரை வேலை செய்தது. பன்னிரண்டு நாள் எட்டானது, எட்டு ஏழானது. இரத்தம் கட்டி கட்டியாகப் போவதும் குறைந்தது. ஆனாலும் முதல் மாதம் ஒரு நாள் எல்லாம் நனைந்து, எழும்பக்கூட முடியாமல் கிடந்தேன். சிவலிங்கம் வேலை முடிந்து வந்தவர், துணிகளை வாளியில் அள்ளிக்கொண்டு பீலிக்குப் போனார். பத்து வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் கொட்டுகிற இடம் அது, அதுவும் பட்டப்பகல். ஆம்பிளை எவனும் அங்கே பெண்சாதியின் அந்தத் துணியைத் துவைத்து நான் பார்த்ததில்லை.

"என்னா மச்சான், பொம்பள வேல எல்லாம் ஒன் தலைல வுழுந்துருச்சா?" என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

"ஒன் பொண்டாட்டி படுத்துக்கிட்டா நீ என்னா, தொரைய கூப்பிட்டு தொவைக்க சொல்லுவியா?" என்றார் இவர். துணி அடிக்கும் சத்தம் நிற்கவில்லை. நான் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

எச்.பி. மட்டும் ஏறவில்லை. இரத்தம் ஏற்றி அனுப்பும்போது எட்டு புள்ளி இரண்டு. முதல் மாதக் கிளினிக்கில் ஏழு புள்ளி ஒன்பது. பிறகு ஏழு புள்ளி ஏழு. மூன்றாம் மாதம் ஏழு புள்ளி ஐந்து. டொக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ. இன்னும் கனக்கப் போகுதோ?"

"ஏழு நாள்தாங்க. அதும் முன்ன மாதிரி இல்ல. நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா?"

"பொய் எண்டு சொல்லேல்லை. நீங்கள் சொல்லுறதும் தாள் சொல்லுறதும் ஒத்துவரேல்லை எண்டுதான் சொல்லுறன். மாத்திரையை ஒழுங்காப் போடுறியளோ?"

"ஒரு நாள் தப்பாம போடுறேன்!" என்று சத்தம் போட்டுவிட்டேன். வாங்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோயிலில் சத்தியம் கேட்டிருந்தாலும் செய்திருப்பேன், ஏனென்றால் அது உண்மை.

பெரிய டொக்டர் சிங்களவர். அவர் பொறுமையாகச் சொன்னதை எங்கள் பெண் டொக்டர் தமிழில் சொன்னார். மாத்திரை எனக்குப் போதவில்லை, லூப்போ ஊசியோ வேலை செய்யும்வரை காத்திருக்க இந்த இரத்தம் தாங்காது. மழைக்காலத்தில் மண் சரிந்து எங்கள் ரோடு அடைபடுகிற இடம், அப்படி ஒரு நாளில் பெருக்கெடுத்தால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரமாட்டேன். உயிரா கருப்பையா என்று வந்தால் உயிர்தான். அடுத்த மாதம் வாட்டுக்கு வர வேண்டும், அவசரப்படாமல் இரத்தம் ஏற்றி, கருப்பையை எடுத்துவிடலாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சிவலிங்கம் சொன்னார், "நீ இருந்தா எனக்கு போதும் புள்ள."

நல்ல வார்த்தைதான். எனக்கு அன்றைக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. "ஒங்களுக்கு லேசு. ஒங்க ஒடம்புலருந்தா எடுக்குறாங்க?" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த மனுஷன் பிள்ளை ஆசையை என்றைக்கோ விட்டுவிட்டார், நான் ஒருத்திதான் கிறுக்கச்சி மாதிரிப் பிடித்துத் தொங்குகிறேன் என்று நினைத்தேன். வீடு வரும்வரை அவரை வெறுத்துக்கொண்டே வந்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

வாட்டில் சேர்ந்தது திங்கட்கிழமை. ஒப்பரேசன் வியாழன். செவ்வாய் ஒரு பை இரத்தம் ஏற்றினார்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் பெயர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம், பார்க்க வருகிறவர்களை உள்ளே விடும் நேரத்தில், கோகிலா வந்தாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு, பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணியோடு வந்திருந்தாள். என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து தோட்டத்துக் கதை எல்லாம் சொன்னாள். பிள்ளைகள் புது ஆயாவிடம் தூங்கமாட்டேன் என்கிறதுகளாம். நான் சாப்பிட்டு முடித்து, எப்போதும் போல இரும்புச் சத்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, அவள் ஊற்றித் தந்த இஞ்சித் தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்து விழுங்கினேன்.

"டீச்சர்," என்றாள் கோகிலா. "அது என்னா மாத்தர?"

"ரத்தம் ஊறுற மாத்தர. என்னத்த ஊறுறது, நாளைக்கி வெட்ட போறாங்க."

"அத தேத்தண்ணிலயா குடிக்கிறீங்க?"

"வேற எதுல குடிக்கிறது? அந்த இரும்பு வாட கொமட்டுது. வீட்லயும் இப்பிடித்தான்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "டீச்சர், நான் புள்ளத்தாச்சியா இருந்தப்ப நீங்க எனக்கு எம்புட்டு ஏசுனீங்க? ஞாபகம் இல்லியா? காம்பரா வாசல்ல வச்சி என் கைல இருந்த கோப்பைய புடுங்கி ஊத்துனீங்களே!"

ஞாபகம் வந்தது. வராமல் என்ன. 'மிட்வைப் மிஸ் தந்த மாத்திரையைத் தேத்தண்ணியில் குடிக்கிறாயா, தேத்தண்ணியில் இருக்கும் சாயம் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது, தண்ணியில் குடி, குடித்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணிப் பக்கம் போகாதே' என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இந்தப் பத்து வருஷத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியையும் விட்டுவைத்ததில்லை. அதே மாத்திரையை, நிறமும் உறையும்தான் வேறு, நான் நான்கு மாதமாகத் தேத்தண்ணியில் விழுங்கிக்கொண்டிருந்தேன். பொழுது விடிந்தால் தேத்தண்ணி, பத்து மணிக்குத் தேத்தண்ணி, பசித்தாலும் தேத்தண்ணி, தலை வலித்தாலும் தேத்தண்ணி என்று வளர்ந்த உடம்பு. தண்ணீரை யார் நினைக்கிறார்கள்.

எப்படி மறந்தேன் என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. அந்தச் சட்டம் எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன். அது வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கு. அவர்களுக்கான மாத்திரை, அவர்களுக்கான அட்டை, அவர்களுக்கான புத்திமதி. நான்தான் அந்தக் கூட்டத்தில் இல்லையே. அவர்கள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி மனதில் ஒரு மூலையில் தள்ளியிருந்தேன், என் மருந்தும் அந்த மூட்டைக்குள் கிடந்திருக்கிறது.

"போய் டொக்டர்ட்ட சொல்லுங்க," என்றாள் கோகிலா.

"வேணாண்டி."

"ஏன்?"

வெட்கம். வேறென்ன? மூன்று மாதம் அந்த டொக்டரிடம் சத்தம் போட்டு, சண்டை பிடித்து, இப்போது போய் நான்தான் முட்டாள் என்று எப்படிச் சொல்வது? கத்தியே மேல் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். கோகிலா கட்டிலிலிருந்து குதித்து இறங்கினாள்.

"நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன். இருங்க," என்று விறுவிறுவென்று நடந்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையோடு சண்டை போடப் போகிற அதே நடை. நர்ஸ் மிஸ்மார் தடுக்கத் தடுக்கப் போய், டொக்டரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள்.

நான் சொன்னேன். தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தேன். டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மருந்து குடுக்கிற இடத்திலை சொல்லேல்லையோ?"

"சொன்னாங்க. நாந்தான் காதுல வாங்கல."

"ஐயோ அம்மா," என்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. "தேத்தண்ணியாலை கட்டி வரேல்லை, அதை விளங்கிக்கொள்ளுங்கோ. கட்டியாலை போன ரத்தம் திரும்ப ஊறாமல் இருந்ததுக்கு இது பெரிய காரணம். அப்ப உங்கடை ஏழு நாள் கணக்கும் உண்மைதான். நான்தான் நம்பேல்லை," என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது.

அவர் பெரிய டொக்டரிடம் போய்ப் பேசினார். வியாழக்கிழமைப் பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்தார்கள். ஆறு கிழமை தவணை. அதற்குள் இரத்தம் கூடினால் பார்க்கலாம், கூடாவிட்டால் பேச்சில்லை.

ஆறு கிழமை நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். சாயந்தரம் வெறும் வயிற்றில் மாத்திரை, தண்ணீரில், கூடவே ஒரு கொய்யாப்பழம் அல்லது அரைத் தேசிக்காய்ச் சாறு. புளிப்பு இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லை. ஜன்னலைத் திறந்தால் மலை மலையாகத் தேயிலை. புருஷன் வந்தால் சட்டையெல்லாம் தேயிலை வாசம். பக்கத்து வீட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டாலே நாக்கு ஊறும். கோகிலா பிள்ளையை விட வரும்போதெல்லாம், "டீச்சர், வாய தொறங்க, மோந்து பாக்குறேன்," என்று கேலி செய்வாள். எனக்கு வாய்த்த கங்காணி.

மூன்றாம் கிழமை ஒன்பது புள்ளி ஐந்து. ஆறாம் கிழமை பத்து புள்ளி ஒன்பது. டொக்டர் தாளை என் பக்கம் திருப்பி, அந்த எண்ணைப் பேனையால் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இப்ப நீங்கள் சொல்லுங்கோ. லூப்பை வைச்சால் பல வருசத்துக்கு நிம்மதி, ஆனால் பிள்ளை இல்லை. பிள்ளைக்குப் பாக்கிறதெண்டால், மூண்டு மாசம் ஊசி போட்டுக் கட்டியைச் சுருக்குவம், பிறகு ஒரு வருசம் முயற்சி செய்து பாருங்கோ. ரத்தம் திரும்பக் கூடலாம். பிள்ளை தங்கும் எண்டும் நான் சொல்லமாட்டன்."

சிவலிங்கத்தைப் பார்த்தேன். "லூப்ப போட்டுக்கிட்டு நிம்மதியா இரேன் புள்ள," என்றார் மெதுவாக.

"நான் ஒரு வருஷம் பாக்குறேன் டொக்டர்," என்றேன் நான். சிவலிங்கம் சரி என்று தலையை ஆட்டினார்.

ஊசி போட்ட மூன்று மாதமும் விலக்கு நின்றது. பதிலுக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். மார்கழிக் குளிரில் தோட்டமே கம்பளிக்குள் நடுங்கும்போது நான் காம்பரா வாசலில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களும் சட்டையைத் தூக்கி விசிறும். கடைசி ஸ்கேனில் பதினாறு கிழமை அளவு பதினொன்றாகக் குறைந்திருந்தது. மறுபடி வளரலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். எங்கள் வருஷம் அன்றிலிருந்து ஓடத் தொடங்கியது. இன்னும் மீதி இருக்கிறது.

ஊசியை நிறுத்தியதும் விலக்கு திரும்பியது, ஆறேழு நாள் ஓடியது. போன மாதம் நாள் தள்ளிப்போனது. மூன்று நாள், ஐந்து நாள், பத்து நாள். சிவலிங்கத்திடம் மட்டும் சொன்னேன். அவர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் என் முகத்தைப் பார்ப்பார், கேட்கமாட்டார். காம்பராவில் தொட்டிலை ஆட்டும்போது நானும் வயிற்றில் கை வைத்துக்கொள்வேன். எனக்குள் என்னென்னவோ ஓடியது, பெயர்கூட ஓடியது.

பதினோராம் நாள் காலை அவர் இரவு முறை வேலை முடிந்து ஸ்டோரிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சு," என்றேன்.

"சரி, பரவால்ல புள்ள," என்றார். உள்ளே போய் எனக்கு வெந்நீர் வைத்தார். அன்று முழுக்க நான் அழுதேன். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதும் அழுதேன், ஒரு வாண்டு என் கன்னத்தைத் தன் சோற்றுக் கையால் துடைத்துவிட்டது. அவர் அழவில்லை. கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் கொஞ்சம் கூடுதல். மாத்திரை போட்டேன். மூன்றாம் நாள் குறைந்தது. கட்டி கட்டியாகப் போகவில்லை, மயக்கம் இல்லை. நான்காம் நாள் சாயந்தரம் பார்த்தேன், துணி சுத்தமாக இருந்தது. நம்பாமல் ஐந்தாம் நாள் விடிந்ததும் மறுபடி பார்த்தேன். அப்போதும் சுத்தம்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான்காவது நாளோடு விலக்கு முடிந்திருக்கிறது, எல்லாப் பெண்களுக்கும் முடிவது போல.

அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நின்னுருச்சுங்க," என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா."

வந்துருச்சு என்று சொன்ன அன்றைக்கு அழாத மனுஷன், செருப்பைக் கையில் பிடித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்து, லயமே எட்டிப் பார்க்கும்படி அழுதார்.